பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடாமல் இருக்கப் பணம் கொடுத்த கதை

நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுக்காமல் விட்டுவைக்க நிலத்துக்காரருக்குப் பணம் கொடுப்பது என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 2023 தை மாதத்திலிருந்து நான் அதைத்தான் செய்துவருகிறேன். முதல் வருடம் வக்கீல் செலவோடு சேர்த்து என் கையிலிருந்து 97 ஆயிரம் ரூபாய் போனது. கிணற்றில் ஓரடித் தண்ணீர்கூட மிச்சமாகவில்லை. அடுத்த வருடம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் ஓரளவு பலன் கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று எழுதிவைத்தால், இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும். எனக்குச் சொல்ல அப்போது ஆள் கிடைக்கவில்லை. வக்கீலுக்குச் சட்டம் தெரிந்தது, போர் போடுபவருக்குப் பாறை தெரிந்தது, வேளாண் அலுவலகத்தில் மானியம் தெரிந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

பல்லடத்துக்குத் தெற்கே பொங்கலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 90 அடிக் கிணறு ஒன்று, அதற்குள் பக்கவாட்டில் துளைத்த சைடு போர், தனியாக ஒரு போர். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்களே, அந்தக் கோடையில் அப்பா 1,100 அடிக்கு இன்னொரு போர் போட்டார். புகைதான் வந்தது. அந்தக் கடனை அடைக்கவே வருடங்கள் ஆயின. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கு மண்டலச் சுழற்சியில்தான் வரும், நாலு மண்டலத்துக்கும் மாற்றி மாற்றி விடுவார்கள். இடைப்பட்ட காலம் முழுக்கக் கிணற்றை நம்பித்தான் பிழைப்பு. அரசுக் கணக்கில் எங்கள் குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) அதிநுகர்வுப் பட்டியலில் இருக்கிறது. ஒரு வருடத்தில் மழையால் ஊறுவதைவிட அதிகமாக நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

தண்ணீர் லாரி எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் லாரிதான் ஓடியது. இப்போது வீட்டுமனைகள், கோழிப்பண்ணைகள், ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. எங்களுக்கு மேற்கே மேட்டுத்தோட்டத்து அண்ணன் 2022இல் லாரிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். 12,000 லிட்டர் லாரிக்கு 250 ரூபாய், ஒரு நாளைக்கு நாலு லோடு. கோடையில் ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 80 முதல் 100 லிட்டர் வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் என்றால் நூற்றுச் சொச்சம் மரங்களுடைய ஒரு நாள் தண்ணீர். நாலு லாரி என்றால் என் தோப்பு முழுவதற்கும் போதும், மிச்சமும் இருக்கும். அந்த வருடமே என் மரங்களில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது, மட்டைகள் தொங்கின. என்னிடமும் லாரிக்காரர் வந்து கேட்டார். பணம் தேவைப்பட்ட நேரம்தான். ஆனாலும் அப்பா வைத்த மரங்களைக் காயவிட்டுத் தண்ணீரை விற்க மனசு வரவில்லை.

ஊரில் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: "ஈ.பி.ல ஒரு மனு எழுதிப் போடு அம்மிணி, நாளைக்கே நின்னுரும்." அது உண்மைதான். விவசாய இலவச இணைப்பில் தண்ணீர் எடுத்து விற்றால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் மாட்டிக்கொள்வார்கள். எவ்வளவு நாளாக நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு, இரண்டு மடங்கு கட்டணம் கட்டச் சொல்வார்கள். இதுபோக, வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று வேண்டும் என்று 2014இல் அரசாணையும் வந்திருக்கிறது. அதிநுகர்வுக் குறுவட்டத்தில் அந்தச் சான்று கிடைக்காது. இதெல்லாம் தெரிந்தும் நான் மனு போடவில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது, வேலி ஒன்றுதான். ராத்திரி பாம்பு கண்டால் நான் கூப்பிடுவது அந்த வீட்டைத்தான். லாரிக்காரர் யாரோ, அவர் போய்விடுவார். மனு போட்டு நிறுத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நேராகப் போய் அண்ணனிடமே பேசினேன். அவர் மறைக்கவில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணம், கூட்டுறவு வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் சொன்னார். "லாரிக்காரன் குடுக்கறத நீங்க குடுங்க அம்மிணி, நான் ஏன் விக்கறேன்? எனக்கென்ன தண்ணியக் காலி பண்ணோணும்னு ஆசையா?" என்றார். அவர் கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே நிலத்துக்காரருக்கு இருக்கிறது. 2003இல் தமிழ்நாடு முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், 2013இல் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதனால் தன் நிலத்துப் பாசனத்துக்கு அவர் எவ்வளவு எடுத்தாலும் தடுக்க வழியில்லை. எடுக்காமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைப் பணமாகக் கொடுத்தால் என்ன?

சுற்றியிருந்த இன்னும் மூன்று தோட்டத்துக்காரர்களிடம் பேசினேன். பெண்பிள்ளை ஒருத்தி வந்து தண்ணீர்ப் பஞ்சாயத்துப் பேசுகிறாளே என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. திண்ணையில் உட்காரக்கூடச் சொல்லாமல் நிற்கவைத்துப் பேசிய வீட்டிலிருந்து அழுதுகொண்டே திரும்பியிருக்கிறேன். கடைசியில் மாதம் 18,000 ரூபாய் என்று முடிவானது. நான் வேலிக்குப் பக்கம் என்பதால் 6,000, மற்ற மூவரும் ஆளுக்கு 4,000. பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாள், வக்கீலுக்கு 7,000. "கண்ட சர்வே எண்ணில் உள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து லாரிகளுக்குத் தண்ணீர் விற்பதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். லாரி நின்றது. அன்றைக்குக் கிடைத்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்தும் என் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மேட்டுத்தோட்டத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு ஏக்கரில் புதிதாக வாழை. அவர் ஒப்பந்தத்தை மீறவே இல்லை. லாரிக்கு விடவில்லை, தன் நிலத்துக்கு விட்டார். முன்பு மோட்டார் லாரிக்காக ஆறு மணி நேரமும் தோப்புக்காக மூன்று மணி நேரமும் ஓடியது. இப்போது அதே ஒன்பது மணி நேரம் வாழைக்கும் தோப்புக்கும் ஓடுகிறது. கேட்டால், "மிச்சமான தண்ணியில வாழை வெச்சேன், தப்புங்களா?" என்கிறார். நான் என்ன பதில் சொல்வது? நாங்கள் பணம் கொடுத்தது விற்காமல் இருப்பதற்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது எடுக்காமல் இருப்பது. யாராவது இந்த மாதிரி ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். தண்ணீர் எங்கே போகிறது என்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள், பூமியிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதற்குக் கொடுங்கள்.

சொட்டுநீர் மானியத்திலும் இதே ஓட்டை இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம், நானும் வாங்கியிருக்கிறேன், எல்லோரும் வாங்க வேண்டும். ஆனால் அரசு பணம் கொடுப்பது குழாய்க்கு. குழாய் போட்ட பிறகு மிச்சமாகும் தண்ணீரில் இன்னும் ஓர் ஏக்கர் வாழை வைத்தால் பூமிக்கு அடியில் எதுவும் மிஞ்சப்போவதில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்திருக்கிறது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மிச்சமானதை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்தால் ஒரு ரூபாய் தருவேன் என்று யாரும் சொல்லவில்லையே.

அடுத்த அடி ஆனி மாதம் விழுந்தது. மறுபடி லாரிச் சத்தம் கேட்டது. அண்ணனுடைய தம்பியின் பாகத்தில் இன்னொரு போர் இருந்தது. வேறு உட்பிரிவு எண், தனி இணைப்பு. தம்பி திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறார், தோட்டத்துப் பக்கம் வருவதே பொங்கலுக்குத்தான். அவர் போரை லாரிக்காரருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் தம்பியின் கையெழுத்து கிடையாது. அண்ணன் தம்பியிடம் சண்டை போட்டதும் உண்மை, அதனால் எதுவும் மாறவில்லை. வக்கீலைக் கேட்டால், அவரை எந்தத் தாளும் கட்டாது என்றார். அண்ணனே நாளைக்கு நிலத்தை விற்றாலும் இந்தப் பதிவு செய்யாத தாளை வைத்து வாங்கியவரைப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார். அதனால் பணம் பேசுவதற்கு முன்னால் பட்டாவில் எத்தனை பெயர், உட்பிரிவு எத்தனை, அந்த நிலத்தில் மொத்தம் எத்தனை போர், எத்தனை மின் இணைப்பு, மூடிக் கிடக்கும் பழைய போர் ஏதாவது உண்டா என்று நடந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுப்பட்டா என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். குத்தகைக்கு விடக் கூடாது என்று தனியாக எழுத வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் பாகப்பிரிவினை வாயால் நடந்திருக்கும், பத்திரத்தில் இருக்காது. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புரட்டாசியில் மழை தொடங்கியதும் எங்களில் இரண்டு பேர் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களுடைய பங்கான 8,000 ரூபாயையும் சேர்த்து மூன்று மாதம் கட்டினேன். பேச்சு என்னுடையது, முன்னின்று முடித்தது நான், பாதியில் விட்டால் அடுத்த முறை யார் நம்புவார்கள் என்ற பயம். நகை ஒன்று வங்கிக்குப் போனது. அந்த ஐப்பசியில் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியாது. ராத்திரி மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அதற்குள் முப்பது மரத்துக்கு மேல் கொண்டை காய்ந்து வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த நஷ்டத்தை 97 ஆயிரத்தில் நான் சேர்க்கவில்லை.

நிறுத்திய இரண்டு பேரில் ஒருவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது சாக்காகத்தான் பட்டது. "அவர் போர் ஓடினாலும் ஓடாட்டியும் என் கிணத்துல ஒண்ணும் தெரியலீங்க" என்றார். பிறகு சோதித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரி. எங்கள் மண்ணுக்குக் கீழே கரும்பாறை. தண்ணீர் மேலே இருக்கும் உக்கல் பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். எந்த வெடிப்பு எதோடு சேர்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் போருக்கும் நம் கிணற்றுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம், அரை மைல் தள்ளி இருப்பவருக்கு இருக்கலாம். அப்பா போட்ட 1,100 அடி போர் இங்கேதான் பயன்பட்டது. இறைக்கும் அளவுக்கு ஊற்று இல்லையே தவிர, அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. மோட்டாரும் பைப்பும் இல்லாததால் அளக்க வசதி. இரட்டை ஒயரின் நுனியைச் சீவி, கல் கட்டி இறக்கி, மேலே மல்டிமீட்டரில் பார்த்தால், நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் அசையும். ஒயரில் அடிக்கு ஒரு முடிச்சு. எங்கள் தோட்டத்து மோட்டார்களை எல்லாம் நிறுத்திவிட்டு, அண்ணனின் போரை மட்டும் காலையிலிருந்து மாலை வரை ஓடவிட்டு, மணிக்கு ஒரு தரம் என் கிணற்றையும் இந்தப் போரையும் மற்ற மூவருடைய கிணறுகளையும் அளந்தோம். என்னுடையது இறங்கியது. மூவரில் விடாமல் பணம் கட்டிய ஓடையோரத் தோட்டத்து மாமாவுடையது இறங்கியது. அந்த இரண்டு பேருடையதும் அசையவில்லை. அவர்கள் அதுவரை கட்டியது அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணீருக்கு. இந்தச் சோதனைக்கு ஒயர் செலவைத் தவிர வேறு செலவில்லை. பணம் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். போர் வாய் திறந்தே கிடக்கக் கூடாது, அளந்ததும் மூடி போட்டுப் பூட்டுங்கள்.

2024க்கு ஒப்பந்தத்தை மாற்றி எழுத உட்கார்ந்தபோது எதை அளப்பது என்ற கேள்வி வந்தது. இந்த மாதிரி மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று அந்த மழைக்காலம் முழுக்கத் தேடிப் படித்தேன். ஜப்பானில் குமமோட்டோ நகரம் குடிநீருக்கு முழுக்க நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறது. 2004 முதல் அந்த நகரம், மேல்பக்கத்து ஊர்களில் நெல் போடாமல் இருக்கும் வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கவைக்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது. எவ்வளவு பரப்பு, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதுதான் கணக்கு. பஞ்சாபில் 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஏற்ப மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கிவிட்டு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் கணக்கில் போட்டார்கள். மின்சாரம் அங்கேயும் இலவசம்தான். ஹரியானாவில் 2020இல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்றார்கள். மூன்றிலும் போய்ப் பார்த்து எண்ணக்கூடிய ஒன்றுக்குத்தான் பணம். எனக்குப் பஞ்சாப் முறை பிடித்திருந்தது, ஏனென்றால் தண்ணீரை என்ன செய்தாய் என்று அது கேட்பதில்லை. மோட்டார் எவ்வளவு ஓடியது என்று மட்டும்தான் கேட்கிறது.

ஆனால் எங்கள் பக்கம் விவசாய இணைப்பில் மீட்டர் கிடையாது. மீட்டர் என்ற பேச்சை எடுப்பதும் சுலபம் இல்லை. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகள் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்த மண் இது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம் எங்கள் ஆட்களின் ரத்தத்தில் இருக்கிறது, அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். "மீட்டரா? வேண்டவே வேண்டாம் அம்மிணி, நாளைக்கு ஈ.பி.க்காரன் பாத்தான்னா இதையே ஊருக்கெல்லாம் மாட்டிருவான்" என்று அண்ணன் எழுந்தே போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஹவர் மீட்டர் என்று ஒன்று இருப்பதை எலக்ட்ரீஷியன் காட்டினார். ஜெனரேட்டர்களில் மாட்டுவார்களே, அதுதான். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் இணைத்தால் மோட்டார் ஓடும்போது மட்டும் மணி ஏறும். யூனிட் காட்டாது என்பதால் அண்ணனுக்குப் பயம் போனது. என் மோட்டாரிலும் ஒன்றை மாட்டி, என் கணக்கையும் அவர் வந்து பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் சரி என்றார். பணம் கொடுக்கிறோம் என்பதற்காக ஒருவரை மட்டும் கண்காணித்தால் எந்த மனிதருக்கும் பொறுக்காது.

தம்பியையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினோம். வருடம் முழுவதும் என்பதை விட்டுவிட்டு மாசி முதல் ஆனி வரை ஐந்து மாதம் மட்டும். இரண்டு போருக்கும் சேர்த்து மாதம் 220 மணி நேரத்துக்குள் ஓடினால் 8,000 ரூபாய், அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு மணிக்கும் கூடுதலாக 60 ரூபாய், 220ஐத் தாண்டினால் அந்த மாதம் பணம் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு நான், ஒரு பங்கு ஓடையோரத்து மாமா. முன்பு அந்த இரண்டு போர்களும் மாதம் 400 மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. வாழையை ஓர் ஏக்கராகக் குறைத்துக்கொள்ள அவர்களே முன்வந்தார்கள். தோப்புக்குச் சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பித்தோம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியரிடம் வாங்கும் சிறு குறு விவசாயிச் சான்று, ஆதார், மண் நீர்ப் பரிசோதனை முடிவு எல்லாம் தயாராக வைத்திருந்தாலும் கூட்டுப்பட்டா விவகாரத்தால் இழுத்தது. கோடைக்குள் குழாய் வர வேண்டும் என்றால் ஐப்பசியிலேயே மனு போட்டுவிடுவது நல்லது.

அளப்பதில் இரண்டு விஷயம் அனுபவத்தில் தெரிந்தது. கிணற்றை விடிகாலையில், யாருடைய மோட்டாரும் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மத்தியானம் அளந்தால் ஒரு நாளைக்கு ஒரு கணக்கு வரும், சண்டைதான் மிஞ்சும். நாங்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அளந்து இரண்டு வீட்டு நோட்டிலும் எழுதுகிறோம். இன்னொன்று, மணி நேரம் மட்டும் முழுக்கதையும் சொல்லாது. நீர்மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் ஒரு மணியில் கொட்டும் தண்ணீர் குறையும். மாதம் ஒரு முறை 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து அதையும் எழுதுங்கள். மோட்டாரை மாற்றினாலோ குதிரைத்திறனைக் கூட்டினாலோ ஒப்பந்தம் ரத்து என்று எழுதாவிட்டால் இந்த மணிக்கணக்குக்கு அர்த்தமே இல்லை.

2024 கோடையில் என் கிணறு முழுக்க வற்றவில்லை. முந்தின மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நல்ல மழை, அதற்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு மழைக்கு, எவ்வளவு ஒப்பந்தத்துக்கு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் மேற்கே லாரி ஓடும் தோட்டங்களைச் சுற்றிச் சித்திரையிலேயே கிணறுகள் வற்றின. என் செலவு அந்த வருடம் ஏறக்குறைய 27 ஆயிரம். வக்கீல் செலவு இல்லை, பழைய தாளையே திருத்தி எழுதிக்கொண்டோம். மரம் ஒன்றுகூட வெட்டவில்லை. எனக்கு அது போதும்.

இதை ஊர் முழுக்கத் தோட்டத்துக்காரர்களே செய்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வீடு, ஒரு வெடிப்பு, ஒருவரை ஒருவர் தெரியும் என்பதால் ஓடுகிறது. எனக்கு மிச்சமான தண்ணீர் ஓடைக்குக் கீழே இருக்கும் பத்துக் கிணற்றுக்கும் ஊறுகிறது, அவர்கள் யாரும் பணம் கொடுக்கவில்லை, கேட்கவும் முடியாது. இதில் பணம் போட வேண்டியது அரசும், இந்தத் தண்ணீரை லாரியில் வாங்கிக் குடிக்கும் நகரமும்தான். லோடுக்கு 250 ரூபாய் கிடைக்கும் என்றால் எடுப்பதற்கு விலை வந்துவிட்டது. எடுக்காமல் வைத்திருப்பவனுக்கும் ஒரு விலை வர வேண்டாமா? இலவச மின்சாரத்தில் கைவைக்காமல், குறைத்து ஓட்டுபவருக்கு மட்டும் பணம் என்று நம்பும்படியாகச் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். அண்ணனே கேட்டார்.

2024 சித்திரையில் ஒரு தகராறு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்து எழுதுபவர்களுக்கும் அது வரும். வெயில் தாங்காமல் அவர்கள் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே 220 மணியைத் தொட்டுவிட்டார்கள். தாண்டினால் பணம் இல்லை என்றுதான் எழுதியிருந்தோம். எப்படியும் 8,000 போய்விட்டது, இனி ஏன் நிறுத்த வேண்டும் என்று மிச்ச நாள் முழுக்க ராத்திரி பகலாக ஓட்டினார்கள். நான் பணம் கொடுக்கவில்லை, அவர்கள் பேசவில்லை, வைகாசி பிறக்கும் வரை இரண்டு வீட்டுக்கும் நடுவே மௌனம். ஓடையோரத்து மாமாதான் நடுவில் வந்து பேசினார். 2025 ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, "220 மணிக்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 8,000 ரூபாயிலிருந்து 60 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும்" என்று எழுதினோம். கூடவே, ஹவர் மீட்டர் பழுதானால் மூன்று நாளுக்குள் சொல்லி மாற்ற வேண்டும், அந்த இடைவெளிக்கு முந்தைய மாதத்தின் தினசரி சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. மாதப் பணத்தை ஒன்றாம் தேதி மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த பிறகு வங்கிக் கணக்கில் போடுகிறோம், கையில் கொடுப்பதில்லை.